மலர்ச்சாலையில் பாடியவன்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவனிடம் கேட்டார்கள், பாட்டுக்கு வருவதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று. பட்டு ஜிப்பா போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன், "கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தேன்" என்று சொன்னான். பேட்டி எடுத்த பெண் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். கனடாவில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மகள் என்னம்மா என்று கேட்டாள்.

அந்தத் தனியார் நிறுவனத்தின் முன் மேசையில் இருந்தவள் நான். அது கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு மலர்ச்சாலை. செத்தவர்களைக் கழுவி, உடுத்தி, பெட்டியில் வைத்துச் சுடலைக்கு அனுப்பும் இடத்துக்குக் கொழும்பில் அதுதான் பெயர். பூக்கடை என்று நினைத்துக் கலியாண மாலைக்கு விலை கேட்டு வந்தவர்களும் உண்டு. பெட்டிகளைக் கண்டதும் முகம் செத்துத் திரும்பிப் போவார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு அறை எடுத்து, கனடாவிலிருந்து அண்ணா கூப்பிடுவார் என்று காத்திருந்தோம். காத்திருக்கும்போதும் சாப்பிட வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியும், சமாளிக்கிற அளவு சிங்களமும் தெரியும். அதனால் எனக்கு அந்த மேசை கிடைத்தது. பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதுவதும், வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் என் வேலை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் முதலில் அழுவார்கள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீடியோ தெளிவாக வருமா என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் பெற்றவர்களின் செத்தவீட்டை எத்தனையோ பேர் வீடியோவில்தான் பார்த்தார்கள்.

அவன் பின் அறையில் வேலை செய்தான். என்னைவிடக் கொஞ்சம் இளையவன். வன்னியில் அம்மாவை விட்டுவிட்டு, வானொலியில் பாடிக் காட்டிவிட்டால் போதும் என்ற நினைப்போடு கொழும்புக்கு வந்திருந்தான். குரல் தேர்வுக்குப் போன இடத்தில் இவன் வன்னியிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும், பாட விடாமலே, பிறகு அறிவிக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அறிவிக்கவே இல்லை. தங்க இடமில்லாமல் திரிந்தவனை எங்கள் முதலாளி எடுத்தார். பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த மேல்மாடியில் படுக்க இடம் கொடுத்து, அந்த முகவரியில் பொலிஸ் பதிவும் செய்து கொடுத்தார். பதிவு இல்லாத வன்னிப் பொடியன் அந்த நாளையில் கொழும்புத் தெருவில் ஒரு நாள்கூட நடமாட முடியாது. அதனால் அந்தப் பதிவு இருக்கும்வரை அவன் முதலாளியின் சொத்து.

பிரேதத்தைக் கழுவுவது, துடைப்பது, சவரம் செய்வது, திறந்து கிடக்கும் வாயைத் துணியால் இழுத்துக் கட்டுவது, மூக்கில் பஞ்சு வைப்பது, வேட்டியோ சேலையோ உடுத்துவது எல்லாம் அவன்தான். உடல் பழுதாகாமல் எம்பாம் பண்ணுகிற ஆள் மருந்தை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். அந்த நெடியில் நாள் முழுக்க நிற்பவன் இவன். விரல் நுனிகள் வெடித்துத் தோல் உரிந்து கிடக்கும். சோற்றுப் பார்சலைக் கரண்டியால்தான் சாப்பிடுவான். கையை மணந்து பார்த்தால் சாப்பிட முடியாது அக்கா என்பான்.

முதலாளி சிரித்த முகமுள்ள மனிதர். ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்து பல காலம். விபூதி, சந்தனம், வெள்ளைச் சேர்ட். செத்தவீட்டுக்காரர் வந்தால் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். அவர்கள் போனதும் அவர்களைப் போலவே அழுது காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். பகிடி அவருக்கு உயிர்.

ஒரு நாள் அவர் மேலேயிருந்து பின் அறையைப் பார்த்துக் கத்தினார். "டேய், உன்ரை அம்மா இருக்கிற பள்ளிக்கூடத்திலை பொம்மர் வந்து குண்டு போட்டிட்டுதாம். இருந்த சனம் முழுக்கச் செத்துப்போச்சாம்."

அவனுடைய அம்மா இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். அவன் ஈரக்கையோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல், தெருவுக்கு ஓடினான். சந்திப் பேப்பர் கடையில் ஒவ்வொரு பேப்பராகப் புரட்டிக்கொண்டு நின்றவனை நான்தான் போய்க் கூட்டிவந்தேன். முதலாளி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சும்மா சொன்னனான்ரா. உன்ரை மூஞ்சையைப் பாக்க ஆசையா இருந்தது."

அந்தப் பகிடியை அவர் திரும்பத் திரும்ப விட்டார். ஒரு முறை பொம்மர், ஒரு முறை ஷெல், ஒரு முறை பாம்பு. நாள் போகப் போக அவன் ஓடுவதை விட்டுவிட்டான். "அப்பிடியே ஐயா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பான். அவன் ஓடாமல் விட்டது முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

அவன் வேலை செய்யும்போது பாடுவான். அடங்கின குரலில், வாய் திறந்தும் திறக்காமலும். ஒரு நாள் தகப்பனின் உடலைப் பொறுப்பெடுக்க வந்த ஒரு குடும்பம் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, பாடுவது யார், எங்கள் வீட்டுக்கும் வந்து பதிகம் பாடுவாரா என்று கேட்டது. முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அவர் எங்கடை ஓதுவார். யாழ்ப்பாணத்திலை பெரிய கோயிலிலை பாடினவர்."

அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு வேலை. காலையில் பிரேதத்தைக் கழுவுவான். பிறகு பின்பக்கக் குழாயில் குளித்து, அலுமாரியில் முதலாளி வைத்திருந்த பட்டுக்கரை வேட்டியை உடுத்தி, விபூதி பூசி, அதே பிரேதத்தின் தலைமாட்டில் நின்று பாடுவான். இரண்டும் ஒரே ஆள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

ஒரு முறை தெரிந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. பாட்டு முடிந்ததும் செத்தவரின் அக்கா முறையான ஒரு அம்மா அவனுடைய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். "என்ரை தம்பியை நீதான் ராசா கரை சேர்த்தனி" என்றார். அப்போது எங்கள் மலர்ச்சாலை வான் சாரதி யோசிக்காமல், "காலமை கழுவினதும் இவர்தானே அம்மா" என்றான். அந்த அம்மா கையை உதறினார். எழுந்து நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்த சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே அவன் என்ன ஆட்கள், என்ன சாதி என்று சத்தமாக விசாரித்தார். அவன் குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பையை யாரோ காலால் தள்ளி ஒதுக்கினார்கள். அவன் அதைக் குனிந்து எடுத்துக் குப்பை வாளியில் போட்டுவிட்டு வானில் வந்து ஏறினான்.

"கோப்பையை ஏன் எறிஞ்சனி? கேக்கப் போகினம்" என்று முதலாளி கோபித்துக்கொண்டார்.

அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். பகிடி விட்ட நாள்களில் அவனுடைய குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. என்னிடமே சொன்னார். "பாத்தனீரோ பிள்ளை, அண்டைக்குப் பொம்மர்க் கதை சொன்னன். பின்னேரம் அவன் பாட, சனம் முழுக்க அழுதிட்டுது. இவனுக்கு நோகோணும். நொந்தால்தான் பாட்டு வரும்."

வெள்ளவத்தையில் ஒரு பெரியவர் இறந்தார். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். ஒருவராலும் வர முடியவில்லை. பேத்தியின் பாஸ்போட் வரும், மகனுக்கு விசா வரும் என்று அவர்கள் நாள்களைத் தள்ளிக்கொண்டே போனதில் பெரியவர் எங்கள் இடத்திலேயே கிடந்தார். லண்டனிலிருந்து மூத்த மகள் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுப்பாள். இரண்டு கமரா வேண்டும், பூ வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சொல்லுவாள். கடைசியாக ஒரு நாள் கேட்டாள்.

"பாடுறவர் உருக்கமாப் பாடுவாரோ? இஞ்சை கோயில் ஆக்கள் எல்லாரும் வந்திருந்து பாக்கப் போகினம்."

முதலாளி என்னிடமிருந்து ரிசீவரை வாங்கினார். "தங்கச்சி, நீர் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். கல்லும் அழும்" என்றார்.

செத்தவீட்டன்று மின்வெட்டு. வெள்ளவத்தை வீட்டின் பெரிய விறாந்தையில் சனம் வியர்த்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் ஜெனரேட்டர் கொண்டுவந்து லைட்டைக் கொளுத்திவிட்டார்கள். நான் மாலைகளை எடுக்கப் பின்வளவுக்குப் போனேன். அங்கே குழாயடியில் அவன் வேட்டி கட்டி முடித்து, ஈரக் கையால் விபூதி பூசிக்கொண்டிருந்தான். முன்பக்கம் ஐயர் செத்தவீட்டுக் கிரியைக்குச் சுண்ணப்பொடி இடிப்பதற்கு ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அது அவன் பாட வேண்டிய நேரம்.

முதலாளி வந்தார். அவனுடைய தோளில் கையை வைத்தார்.

"தம்பி" என்றார். அவர் அவனை ஒரு நாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "உன்ரை அம்மா செத்துப்போனா. காய்ச்சலாம். மருந்து இல்லையாம். எரிச்சும் முடிஞ்சுதாம்."

அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான். அங்கே சிரிப்பைத் தேடினான் என்று எனக்குப் புரிந்தது. நானும் தேடினேன். இல்லை.

"உண்மையாவோ ஐயா?"

"பிறகு கதைப்பம். ஐயர் கூப்பிடுறார், போ. முதலிலை பாடு."

அவன் போனான். கையில் மாலையோடு நான் பின்னாலே போனேன். அவன் தலைமாட்டில் நின்று, கண்ணை மூடாமல், பெரியவரின் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பதிகத்தைப் பாடத் தொடங்கினான். அதற்கு முன்னரும் பின்னரும் நான் எத்தனையோ பேர் பாடக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. முதல் அடியில் குரல் உடையும் போலிருந்தது, உடையவில்லை. மேலே போகும் இடங்களில் அவன் இழுக்காமல் அறுத்துவிட்டான். ஒவ்வொரு அறுப்புக்கும் சனத்துக்குள்ளே யாரோ விம்மினார்கள். செத்த பெரியவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத மருமக்கள், வாடகைக் கதிரை கொண்டுவந்த ஆட்கள், வாசலில் நின்ற பொலிஸ்காரன் எல்லாரும் அழுதார்கள். வீடியோக்காரர் பெட்டியை விட்டுவிட்டுக் கமராவை அவனுடைய முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்கள்.

பெட்டி ஏறி, வாகனங்கள் பொரளைச் சுடலைப் பக்கம் போன பிறகு, அவன் முதலாளியிடம் வந்தான். சிரிக்கப் பார்த்தான்.

"ஐயா, அது பகிடிதானே?"

"பகிடி இல்லையடா. உண்மைதான்." முதலாளி கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "முதலே சொல்லியிருந்தா நீ பாட வந்திருக்க மாட்டாய். பிறகு சொல்லியிருந்தா வீணாப் போயிருக்கும். இப்ப பார், எப்பிடிப் பாடினாய்! லண்டன்காரர் விழுந்து விழுந்து பாக்கப் போறாங்கள்."

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். மரண அறிவித்தல் எழுதி எழுதி எனக்கு அந்தச் சொற்கள் எல்லாம் பாடம். அவனிடம் சொல்ல அதில் ஒன்றுகூட உதவவில்லை. முதலாளி ஹோர்ன் அடித்தார். அவன் எழுந்து வந்து வானில் ஏறினான். அடுத்த நாள் காலையில் ஒரு விபத்துப் பிரேதம் வந்தது. அதையும் அவன்தான் கழுவினான்.

பிறகு ஒரு நாள் வவுனியாப் பக்கமிருந்து கருவாடு ஏற்றிவரும் லொறிச் சாரதி ஒருவர் என் மேசைக்கு வந்தார். அவனைப் பார்க்க வேண்டும் என்றார்.

"அந்தப் பிள்ளை எப்பிடி இருக்குது தங்கச்சி? தாய் செத்த சேதியை நான்தான் கொண்டுவந்தனான். போன வெள்ளிக்கு முதல் வெள்ளி. பிள்ளை அந்த நேரம் இல்லாதபடியால் முதலாளியிட்டைச் சொல்லிப்போட்டுப் போனனான்."

பெரியவரின் செத்தவீடு அதற்கு அடுத்த புதன்கிழமைதான் நடந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் முழுக்க அந்தச் செய்தியை முதலாளி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு திரிந்திருக்கிறார்.

நான் நேரே பின் அறைக்குப் போய் அவனிடம் சொன்னேன். அவன் குழாயை மூடினான்.

"எந்த வெள்ளி அக்கா?"

சொன்னேன். அவன் யோசித்தான். பிறகு அவனுடைய முகம் மாறியது.

"அண்டைக்கு எனக்கு அவர் மீன் பொரியலோடை பார்சல் வாங்கித் தந்தவர். ஒரு நாளும் இல்லாத திருநாளா. என்ன ஐயா விசேஷம் எண்டு கேட்டனான். சும்மா தின் எண்டார்." அவன் மூடின குழாயை இன்னும் இறுக்கினான். "அம்மா செத்த சேதி வந்த நாளிலை நான் மீன் தின்னிருக்கிறன் அக்கா. அவர் எதிரிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தவர்."

அடுத்த செத்தவீடு கொட்டாஞ்சேனையில். அவன் குளித்தான், வேட்டி கட்டினான், தலைமாட்டில் வந்து நின்றான். ஐயர் கையைக் காட்டினார். அவன் பாடவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். அவன் முதலாளியைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியபடி நின்றான். முதலாளி சிரித்துக்கொண்டே வந்து, "தொண்டை அடைச்சுப்போட்டுது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, அவனைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கன்னத்தில் அறை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்றல்ல.

அன்று பின்னேரமே அவனுடைய பை தெருவுக்கு வந்துவிட்டது. முதலாளி பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, இன்ன ஆள் இனி என்னுடைய முகவரியில் இல்லை, எங்கே போனான் என்றும் தெரியாது என்று மிகுந்த மரியாதையான சிங்களத்தில் சொன்னார். நான் எதிரில் இருந்து கேட்டேன். இருட்டுவதற்கு முன்னமே ஒரு சோதனைச் சாவடியில் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

நான் முதலாளியிடம் கெஞ்சினேன். "ஐயா, உங்கடை ஆள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா விட்டிடுவினம்."

"எந்த ஆள்?" என்றார்.

"ஐயா..."

"பிள்ளை, உமக்கும் அம்மா இருக்கிறா. நீங்களும் பதிவிலைதான் இருக்கிறியள். வேலையைப் பாரும்." அப்போதும் முகத்தில் அந்தச் சிரிப்பு.

வீடியோ லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. சில கிழமைகளில் மூத்த மகள் எடுத்தாள். தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பாடகர், அந்தப் பாடகர் என்றே பேசினாள். கசெட்டைக் கொப்பி எடுத்துக் கொப்பி எடுத்து ஊர் முழுக்கப் பார்க்கிறார்கள், கோயில் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிட வேண்டும் என்றாள். முதலாளி வெளியே போயிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி அவன் எங்கே இருக்கிறான் என்று சொன்னேன்.

அவள் கேட்டாள். "அப்ப அவர் இயக்கமோ? எங்கடை அப்பான்ரை செத்தவீட்டு வீடியோவிலை அவர் இருக்கிறாரே. எங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?"

நான் இல்லை என்று சொன்னேன். அம்மா செத்ததைச் சொன்னேன். பிரேதம் கழுவினதைச் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போன அந்த அம்மாவை நான் மறக்கவில்லை. அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். இனி எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுடைய கணவருக்குக் கொழும்பில் ஒரு சட்டத்தரணி உறவு. திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, ஆள் வேண்டும் என்று அவர் அந்தச் சட்டத்தரணியைப் பிடித்தார். நோட்டீஸ்தான் அவனை வெளியே எடுத்தது.

நான் லண்டனோடு கதைத்த விஷயம் முதலாளிக்குத் தெரியவந்த அன்று என் மேசையில் வேறு ஒரு பிள்ளை இருந்தாள். "உமக்கு இஞ்சை மனசுக்குக் கஷ்டம்தானே" என்று மிகவும் ஆதரவாகச் சொல்லி வழியனுப்பினார்.

விடுதலையான அன்று அவன் எங்கள் வெள்ளவத்தை அறைக்கு வந்தான். மெலிந்து, தலை மழித்து இருந்தான். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. நான் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டேன், அவன் திரும்பவில்லை. பிறகுதான் தெரிந்தது. அந்தக் காது போய்விட்டது.

"உள்ளை என்ன செய்தவங்கள்?" என்று அம்மா கேட்டா.

"அடிச்சவங்கள். பிறகு ஒருத்தன், நீ பாட்டுக்காரனாமே, பாடு எண்டான். ஒவ்வொரு பின்னேரமும் பாட வச்சவங்கள் அம்மா. சிங்களப் பைலாப் பாட்டு. தெரியாட்டி ஆடச் சொல்லுவாங்கள்." அவன் தேத்தண்ணியைக் குடித்தான். "முதலாளியை விட அவங்கள் பரவாயில்லை. பாடி முடிஞ்சா ஒரு பிளேன்ரீயாவது தருவாங்கள்."

அவன் லண்டனுக்குப் போனான். போனவன் திரும்பவில்லை. கோயிலில் தொடங்கி, மண்டபங்களுக்குப் போய், இசைத்தட்டுகள் வந்து, இந்தியாவிலும் பாடி, சில வருடங்களில் உலகத்தில் தமிழர் இருக்கிற இடமெல்லாம் அவனுடைய பெயர் தெரிந்தது. எந்த மேடையானாலும் கடைசியில் அந்தப் பதிகத்தைக் கேட்டுச் சனம் கத்தும். அவனும் பாடுவான்.

முதலாளியும் நன்றாக இருந்தார். வெள்ளவத்தையில் இரண்டாவது கிளை திறந்தார். அவனுடைய பெரிய படம் ஒன்றை அங்கே மாட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வருகிறவர்களிடம், "இவனை ஆளாக்கினது நான்தான். தாய் செத்ததை நான் சொன்ன அடுத்த நிமிஷம் பாடின பாட்டுத்தான் அது" என்று பெருமையாகச் சொல்லுவாராம். அந்தக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. கேட்டவர்கள் முதலாளியைக் குறை சொல்லவில்லை. பாட்டை இன்னும் உருகிக் கேட்டார்கள்.

அண்ணா கூப்பிட்டு நானும் கனடாவுக்கு வந்து, கலியாணம், பிள்ளை என்று வருடங்கள் போன பிறகு, ரொறன்ரோவில் அவனுடைய கச்சேரிக்குப் போனேன். அந்தப் பதிகத்தைப் பாடினான். என் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். என்னை உள்ளே விட மறுத்தார்கள். அவன் கண்டுவிட்டான்.

"அக்கா!" கதிரையை இழுத்துப் போட்டான். என்னைத் தன் வலப்பக்கம் இருத்தினான்.

ஊர்க் கதைகளுக்குப் பிறகு நான் கேட்டேன். "இப்பவும் அதைப் பாடேக்கை அம்மான்ரை நினைவு வருமோ?"

அவன் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"அக்கா, நீங்கள் அங்கை நிண்டனியள். உங்களுக்குச் சொல்லலாம். அண்டைக்கு நான் அம்மாவுக்காகப் பாடேல்லை. முதலாளி சொன்னதை நான் நம்பவே இல்லை. பழையபடி பகிடி விடுறான் எண்டுதான் நினைச்சனான். இந்த மனிசனை இந்தப் பெட்டிக்குள்ளை போட்டு மூடோணும் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் ஒவ்வொரு அடியும் பாடினனான். அது அழுகை இல்லை."

"சனம் அப்பிடி நினைக்கேல்லையே."

"நினைக்கட்டும். அம்மாவுக்காக அழுகிறவனைத்தான் சனம் கேக்கும்." அவன் சிரித்தான். "உண்மை எண்டு தெரிஞ்ச பிறகு நான் அம்மாவுக்கு ஒரு பாட்டும் பாடேல்லை. எனக்கு வராது. இந்த ஒண்டுக்குள்ளை அவன்தான் நிக்கிறான். வேறை ஆருக்கும் அதிலை இடமில்லை."

பிறகு முதலாளி படுக்கையில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். பாரிசவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். பேச்சுக் குழறுகிறதாம். இவனுடைய பாட்டை ஒரு முறை எதிரில் இருந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாராம். ஒவ்வொரு கிழமையும் மகன் தொலைபேசி எடுக்கிறானாம்.

"நீ என்ன சொன்னனி?"

"வாறன் எண்டு சொன்னனான். ஒவ்வொரு முறையும் சொல்லுறன். இந்த ஞாயிறு கொழும்பிலை வந்திறங்குவன், அடுத்த ஞாயிறு வந்திறங்குவன் எண்டு."

"போகப் போறியோ?"

அவன் பதில் சொல்வதற்குள் படம் எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். என்னையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். தன் தொலைபேசி எண்ணைத் தந்துவிட்டு அவன் போனான்.

அதற்கு அடுத்த வருடம் முதலாளி இறந்தார். கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கேள்விப்பட்டு, பழைய சம்பளக்காரி என்ற முறையில் துக்கம் விசாரிக்க மகனுக்கு எடுத்தேன். மகன் தகப்பனைப் போல இல்லை, வெள்ளந்தியான மனிதன். அழுதான்.

"அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் அக்கா. அந்தப் பாடகர் ஒவ்வொரு கிழமையும் வாறன் எண்டு சொல்லுவார். ஞாயிறு காலமை அப்பா எங்களை விடமாட்டார். குளிக்க வாக்கோணும், சவரம் எடுக்கோணும், வெள்ளைச் சேர்ட் போடோணும். வாசலைப் பாத்தபடி கதிரையிலை இருத்தச் சொல்லுவார். சாப்பிட மாட்டார், அவர் வந்தாப் பிறகு சாப்பிடுவம் எண்டு. பின்னேரம் ஆகத் தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பம். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா. கடைசி ஞாயிறும் அந்தக் கதிரையிலைதான்."

எனக்கு அந்த மனிதர் மேல் எந்த இரக்கமும் இருந்ததில்லை. ஆனாலும் தொலைபேசியை வைத்ததும் அவன் தந்த எண்ணைத் தேடினேன். பிறகு அவனுக்கு எடுத்தேன். முதலாளி இறந்துவிட்டார் என்றேன்.

"தெரியும் அக்கா."

ஒவ்வொரு ஞாயிறும் குளித்து, சவரம் எடுத்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம் என்று சொன்னேன். உனக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்றேன்.

"தெரியும்" என்றான். "முதல் முறை வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகாமல் விட்ட கிழமையே மகன் சொன்னவன். அதைக் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு கிழமையும் வாறன் எண்டு சொல்லத் தொடங்கினனான்."